'சிறை'க்குச் சிறகு என்ற பொருள் எப்படி வந்தது?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்குக் குறுந்தொகை சொல்லிக்கொடுக்கப் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று இறையனார் பாட்டு இருக்கிறதே, அதில் அம் சிறை என்றால் அழகான ஜெயிலா என்று கேட்டுவிட்டான். இல்லடா, இங்கே சிறகு என்று பொருள் என்றேன். அப்போ சிறைச்சாலையில் இருப்பது எந்தச் சிறை என்று அடுத்த கேள்வி வந்தது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பறப்பதற்கென்றே இருக்கிற உறுப்புக்கும் பறக்கவிடாமல் அடைத்துப்போடும் இடத்துக்கும் ஒரே சொல் எப்படி ஐயா வந்தது? இரண்டும் வேறு வேறு சொற்களாக இருந்து ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டதா, இல்லை உள்ளே ஏதாவது உறவு இருக்கிறதா? அகராதியைப் பார் என்று விரட்டாதீர்கள், பார்த்தாயிற்று. காவல், அணை, மதில், பக்கம், சிறகு, அடிமை என்று வரிசையாகப் போட்டிருக்கிறதே தவிர ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார்கள் என்று சொல்லவில்லை. அப்படியே கைது, ஜப்தி, பறிமுதல், பிணை பற்றியும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

வரப்புமேடு:

இரும்புக் கம்பியையும் எண் போட்ட சட்டையையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய பாட்டுக்குள் போனால் இந்தச் சொல் பிடிபடாது, அதை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். பழைய தமிழில் தடுத்து நிறுத்துகிற எதுவும் சிறைதான், அதிலும் தண்ணீரைத் தடுப்பது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித்திணைக்கு, அதாவது படையெடுத்துப் போகிற போருக்கு, துறை (உட்பிரிவு) சொல்லும் இடத்தில் 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமையானும்' என்று வருகிறது. எதிரிப்படை வெள்ளமாகப் பாய்ந்து வரும்போது ஒரே ஒரு வீரன் குறுக்கே நின்று அந்த வேகத்தைத் தாங்குகிறான், கல்லால் கட்டிய அணை தாங்குவது போல. மதுரைக்காஞ்சியிலும் 'வருபுனற் கற்சிறை கடுப்ப' என்று இதே உவமை உண்டு. இந்த இடங்களில் சிறை என்ற சொல்லுக்குக் கெட்ட வாடையே கிடையாது, பெருமைக்குரிய சொல்லாகத்தான் நிற்கிறது.

அடுத்தது அரண். குறள் 569-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 'செருவந்த போழ்திற் சிறைசெய்யா வேந்தன் வெருவந்து வெய்து கெடும்.' இன்றைய பழக்கத்தில் படித்தால், போர் வந்த நேரத்தில் யாரையும் பிடித்து உள்ளே போடாத அரசன் கெட்டுப்போவான் என்று ஆகிவிடும்! உரையாசிரியர் பரிமேலழகர் சொல்வது அரண். போருக்கு முன்பே தனக்குப் பாதுகாப்பான அரண் செய்துகொள்ளாதவன், போர் வந்ததும் நடுங்கி விரைவில் அழிவான். 499-ஆம் குறளில் வரும் 'சிறைநலனும் சீரும் இலரெனினும்' என்பதும் அரணின் வலிமைதான். அதே திருவள்ளுவர் 57-இல் 'சிறைகாக்கும் காப்பெவன் செய்யும் மகளிர் நிறைகாக்கும் காப்பே தலை' என்று எழுதும்போது நமக்குத் தெரிந்த அடைத்துவைக்கும் சிறை வந்துவிடுகிறது. ஆக ஒரே நூலுக்குள்ளேயே உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் சுவரும் சிறை, உள்ளே இருப்பவரை வெளியே விடாத சுவரும் சிறை. சுவர் ஒன்றுதான், யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. இன்றைக்கும் 'காவல்' என்ற சொல்லை இப்படித்தானே வைத்திருக்கிறோம்? ஊர்க்காவல் என்றால் நிம்மதி, நீதிமன்றக் காவல் என்றால் வயிற்றில் புளி கரைக்கிறது.

இனிச் சிறகுக்கு வருவோம். 'ஒருசிறை' என்றால் ஒரு பக்கம், ஒதுங்கிய இடம் என்று பழைய பாட்டுகளில் நிறையப் பார்க்கலாம். ஒருசிறைப் பெரியனார் என்று ஒரு புலவரே இருக்கிறார். நாஞ்சில் வள்ளுவன் என்ற குறுநில மன்னனைப் பாடிய புறநானூறு 137 அவருடையது. பெயரைப் பார்த்து மனுஷன் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம்! இந்தப் 'பக்கம்' என்ற பொருள்தான் நடுவில் இருக்கிற பாலம் என்பது என் கணக்கு. பறவையின் இரண்டு பக்கமும் இருப்பது சிறை. ஒரு நிலத்தின் பக்கமாக எழுப்பும் கரையும் சுவரும் சிறை. நாலு பக்கமும் எழுப்பிவிட்டால் உள்ளே இருப்பவன் சிறைப்பட்டவன்.

---

ஓலைப்பெட்டி:

அழகாக இருக்கிறது, ஆனால் அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகப்படுவேன். நாம் தமிழர்களுக்கு எந்த இரண்டு சொல்லைக் கொடுத்தாலும் ஒரே வேரில் கட்டிப்போடுகிற பழக்கம் உண்டே.

பக்கத்து மொழிகளையும் பாருங்கள். கன்னடத்தில் 'செரெ' என்றால் சிறை, பிடிபட்ட நிலை. தெலுங்கில் 'செர' என்றாலும் அதுதான். மலையாளத்தில் 'சிற' என்று சொன்னால் அணைக்கட்டும் குளமும்தான் முதலில் நினைவுக்கு வரும், பறவைக்கு இருப்பது 'சிறகு', ஆளை அடைக்கும் இடம் ஜயில் அல்லது தடவற. தமிழில் மட்டும் எல்லாம் ஒரே சொல்லில் வந்து குவிந்திருக்கிறது. அணையும் சிறைச்சாலையும் உறவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தடுத்தல் என்ற ஒரே கருத்து. சிறகுதான் இடிக்கிறது.

வரப்புமேடு சொல்வதற்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லலாம். வடமொழியில் பக்ஷம் என்றால் சிறகு, அதுவே பக்கம், அதுவே ஒரு தரப்பு, அதுவே மாதத்தின் பாதி. பக்ஷம் உடையது பக்ஷி, நம் வாயில் பட்சி. ஆக பக்கம் என்பதும் சிறகு என்பதும் ஒரே சொல்லில் கூடிவருவது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. ஆனால் அங்கே நடந்தது என்பதால் இங்கேயும் நடந்தது என்று ஆகிவிடாது. நடந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

தென்கலைக்காரன்:

வேர் ஒன்றா இரண்டா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பொருளையும் ஒன்றாக வைத்து விளையாடலாம் என்பது பாடியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி முதல் பத்து, நான்காம் பதிகத்தின் முதல் பாட்டைப் பாருங்கள்:

அஞ்சிறைய மடநாராய் அளியத்தாய் நீயும்நின்
அஞ்சிறைய சேவலுமாய் ஆவாவென் றெனக்கருளி
வெஞ்சிறைப்புள் உயர்த்தாற்கென் விடுதூதாய்ச் சென்றக்கால்
வன்சிறையில் அவன்வைக்கில் வைப்புண்டால் என்செய்யுமோ

நாலு அடி, நாலு சிறை. நாரைக்கு அழகிய சிறகு, அதன் சேவலுக்கும் அழகிய சிறகு, மூன்றாவது அடியில் திருமாலின் கொடியில் இருக்கும் கருடனுக்குக் கொடிய சிறகு. மூன்று முறை சிறகு சிறகு என்று காதைப் பழக்கிவிட்டு நான்காவது அடியில் 'வன்சிறை' என்கிறபோது சட்டென்று அது அடைத்துவைக்கும் சிறை. தூது போன உன்னை அவன் பிடித்துச் சிறையில் வைத்தால்தான் என்ன, வைத்தால் இருந்துவிட்டுப் போயேன் என்கிறாள் தலைவி! எவ்வளவு சுயநலம் என்று தோன்றும், ஆனால் 'அளியத்தாய்' என்று கெஞ்சிக்கொண்டே சொல்வதுதான் பாட்டின் ருசி. பறக்கிற சிறையை வைத்திருப்பவளிடம் அடைக்கிற சிறைக்குத் தயாரா என்று கேட்பது. உறவே இல்லாத இரண்டு சொல் என்றாலும் நம்மாழ்வார் கையில் பட்ட பிறகு உறவாகிவிட்டது, எனக்கு அது போதும்.

வைணவ மரபில் சிறை என்றாலே இன்னொன்றும் நினைவுக்கு வரும். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணம் என்ற நூலில் ராமாயணம் 'சிறையிருந்தவள் ஏற்றம்' சொல்லுகிறது என்றும் மகாபாரதம் 'தூது போனவன் ஏற்றம்' சொல்லுகிறது என்றும் எழுதியிருக்கிறார். சிறையிருந்தவள் சீதை, தூது போனவன் கண்ணன். உரைகாரர்கள் ஒரு படி மேலே போய், இராவணன் பிடித்துவைத்திருந்த தேவமாதர்களை விடுவிப்பதற்காகத் தானும் சிறை புகுந்தாள் என்று விளக்குகிறார்கள். அதாவது சிறை அவமானம் என்கிற கணக்கு இங்கே தலைகீழ். யாருக்காக உள்ளே போனாள் என்பதை வைத்து ஏற்றம்.

---

கோர்ட்டு வாசல்:

இலக்கியம் எனக்கு அவ்வளவு ஓடாது. தினமும் கோர்ட்டில் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் என்பதால் கைது, ஜப்தி பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கைது என்பதில் 'கை' இருப்பதால் கையைப் பிடிப்பது என்று நிறையப் பேர் விளக்கம் தருகிறார்கள், விலங்கும் கையில்தானே மாட்டுகிறார்கள் என்பார்கள். அது அரபிச் சொல். கய்த் என்றால் கட்டு, தளை. பாரசீகம், உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிகளுக்கு (அரசாங்க அலுவலகங்களுக்கு) வந்தது, கைதியும் அதே வழி. ஜப்தியும் ஜாமீனும் அமீனாவும் (கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிற ஊழியர்) அரபியிலிருந்து வந்தவைதான். ஜாமீன் என்பது முதலில் ஒரு ஆளைக் குறித்தது, இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறவன். இன்று 'ஜாமீன் கிடைத்தது' என்று அதை ஒரு உத்தரவாக ஆக்கிவிட்டோம்.

தமிழில் அதற்குப் பிணை என்கிறோம். எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பு. பிணைத்தல் என்றால் கட்டுதல். பிணையில் விட்டார்கள் என்றால் கட்டி அவிழ்த்துவிட்டார்கள்! யோசித்தால் சரிதான், ஆளை அவிழ்த்துவிட்டு அவனுக்காக நிற்கிறவனைக் கட்டிப்போடுகிறார்கள். அதே பிணை, கைதியோடு சேர்ந்து பிணைக்கைதி ஆகும்போது விவகாரமே வேறு.

செய்திகளில் எல்லாவற்றையும் 'பறிமுதல்' என்று எழுதித் தள்ளுவது எரிச்சலாக இருக்கிறது. போலீஸ் ஒரு வண்டியை வழக்குக்காக எடுத்துவைத்தால் அது கைப்பற்றியது. பொருள் இன்னும் அவனுடையதுதான், வழக்கைப் பொறுத்துத் திரும்பக் கிடைக்கலாம். பறிமுதல் என்றால் உரிமையே போய் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜப்தி மூன்றாவது வகை. பெரும்பாலும் கடன் கொடுத்தவன் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட்ட பிறகு கோர்ட்டு அமீனா வந்து செய்வது. அப்போதும் ஏலம் முடிகிறவரை பொருள் கடனாளியுடையது, விற்கவோ மாற்றவோ முடியாது, அவ்வளவுதான்.

அதிலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது: உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவனின் உழவுக் கருவி, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. நம் பக்கம் தாலியை அதில் சேர்ப்பார்கள். சட்டத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிற நான் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மட்டும் எழுதியவன் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விசித்திரம் சிவில் சிறை. கடனைக் கட்ட வசதி இருந்தும் கட்டாதவனை அதில் வைக்கலாம். ஆனால் உள்ளே அவன் சாப்பாட்டுக்கான படியைக் கட்ட வேண்டியது கடன் கொடுத்தவன்! அதனாலேயே பலரும் அந்தப் பக்கம் போவதில்லை.

---

வரப்புமேடு:

கோர்ட்டு வாசல் அண்ணே, கைதுக்கு முன்னால் தமிழில் என்ன இருந்தது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். புறநானூறு 74-இன் அடிக்குறிப்பில், சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போர் செய்து 'பற்றுக்கோட்பட்டு' குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்று இருக்கிறது. பற்று, கோள், படு, மூன்றும் பிடிபடுவதைச் சொல்கிற சொற்கள். பாட்டுக்குள்ளே சிறை என்ற சொல்லே வராது. 'தொடர்ப்படு ஞமலியின்' என்பான், சங்கிலியில் கட்டிய நாயைப் போல என்னை வைத்திருக்கிறார்கள் என்று. தண்ணீர் கேட்டு உடனே கிடைக்காமல், பிறகு வந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உயிர்விட்டவன். இன்று பற்றுக்கோடு என்றால் ஆதரவு, ஊன்றுகோல். அன்று பற்றுக்கோட்பட்டான் என்றால் கதை முடிந்தது.

கோள் என்றதும் இன்னொன்று. கொள் என்பதிலிருந்து வந்தது கோள். வடமொழியில் கிரகம் என்றாலும் பிடிப்பது, கிரகணம் என்றாலும் பிடித்தல். குறள் 1146-இல் 'திங்களைப் பாம்புகொண் டற்று' என்கிறார், பாம்பு நிலவைக் கொண்டது. வானத்தில் சுற்றுகிறதற்கும் ஆளைப் பிடிக்கிறதற்கும் இரண்டு மொழியிலும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கிறது. சனி பிடித்தது என்று நாம் சொல்வதும் அதன் மிச்சம்தானே.

---

கடற்கரை விளக்கு:

நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் 'மறியல்' என்றுதான் சொல்லுவோம். அவன் மறியலில இருக்கிறான், மறியலால வந்திட்டான் என்று. வழக்கு முடியாமல் நீதிமன்றக் காவலில் வைப்பது 'விளக்கமறியல்'. எங்கட பத்திரிகையைத் திறந்தால் 'எதிர்வரும் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவு' என்று ஒரு செய்தியாவது இருக்கும். முதல்முறை தமிழ்நாட்டுச் செய்தியில் 'மாணவர்கள் சாலை மறியல்' என்று பார்த்தபோது ரோட்டிலேயே மறியற்சாலை கட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

மறித்தல் என்றால் குறுக்கே நின்று தடுப்பது. உங்களுக்கு அது சனம் அரசாங்கத்தை மறிப்பது, எங்களுக்கு அரசாங்கம் சனத்தை மறிப்பது. சிரிப்பாகச் சொல்லவில்லை.

---

மழைக்குருவி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. விளக்கமறியல் எனக்கு முற்றிலும் புதுசு. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். குறுந்தொகையில் பாட்டுக்குப் பாட்டு 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று கூற்று (யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னது என்கிற குறிப்பு) போட்டிருக்கிறது. அந்தத் தலைவன் எங்கேதான் நிற்கிறான்? சிறைக்கு வெளியிலா?

---

ஓலைப்பெட்டி:

இதில் நான் வரப்புமேட்டாரின் கட்சிக்குப் போய்விடுகிறேன், 'பக்கம்' என்ற பொருளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சிறைப்புறம் என்றால் வீட்டை ஒட்டிய வேலியின் அல்லது மதிலின் வெளிப்பக்கம். தலைவன் இரவிலோ பகலிலோ தலைவியைப் பார்க்க வந்து அங்கே ஒதுங்கி நிற்கிறான். உள்ளே இருக்கிற தோழிக்கு அவன் வந்தது தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். தலைவியிடம் பேசுவது போல அவன் காதில் விழும்படி பேசுவாள்: ஊர் பேச ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்குச் சந்தேகம், இனி இவளை வெளியே விடமாட்டார்கள் என்று. அப்படிப் பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைப்பதற்கு இலக்கணத்தில் இற்செறிப்பு என்று பெயர். கவனியுங்கள், அவளை அடைத்துவைப்பதற்குச் சிறை என்ற சொல்லைப் போடாமல் செறி என்ற சொல்லைப் போட்டார்கள், அவன் நிற்கிற இடத்துக்குத்தான் சிறை. அந்தப் பேச்சின் நோக்கம் ஒன்றுதான், சும்மா வந்து வந்து போகாமல் சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பது.

அதனால் கூற்றில் சிறைப்புறம் என்று வருகிற இடமெல்லாம் 'வேலிக்கு வெளியே, காது கேட்கிற தூரத்தில்' என்று போட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பாட்டில் யார் யாரிடம் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பது தானாக விளங்கும்.